பேர் போடுவதும் பெயர் பொறிப்பதும்

தோட்டப்புற வழக்கிலே ‘பேர்’ என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்றுண்டு. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, பகல் முழுவதும் மலையில் நிரை பிடித்து, மாலையில் கொழுந்து மடுவத்துத் தராசின் முன்னே கூடையை இறக்கும் பெண்ணுக்கு, குறித்த நிறை சேர்ந்திருந்தால் அன்று ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப் பேர். மாத முடிவில் அவள் குடும்பம் உண்பதும் உடுப்பதும் எத்தனை பேர் விழுந்தது என்ற கணக்கைப் பொறுத்தது. ஆனால், அவள் பறித்த கொழுந்து தேயிலையாகிப் பொதியில் அடைபட்டுக் கொழும்பு ஏலத்துக்குப் புறப்படும்போது அந்தப் பேர் எங்கும் இல்லை. பொதியின் மேலே இருப்பது தோட்டத்தின் குறி. பல தோட்டங்களில் அது ஸ்கொத்லாந்து நாட்டு ஊர் ஒன்றின் பெயர்.

ஹட்டன், நுவரெலியாச் சரிவுகளைப் போன்ற சரிவுகளிலே வேறொரு பயிரை வளர்த்து, அதன் விளைவைத் தம் கையாலேயே பக்குவம் செய்து, தம் குடும்பப் பெயரைப் பொறித்து உலகச் சந்தைக்கு அனுப்பும் மக்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையிலும், அதன் கிளையாறான சார் ஆற்றின் பள்ளத்தாக்கிலும் வெள்ளைத் திராட்சை மது செய்யும் குடும்பங்களையே குறிப்பிடுகிறேன். அவர்கள் அந்த நிலையை எவ்வாறு அடைந்தார்கள், நாம் ஏன் அடையவில்லை என்ற இரு வினாக்களை மலையகத் தமிழினத்தின் முன்னும், வடக்கிலும் கிழக்கிலும் மண்ணை நம்பி வாழும் நம் மக்களின் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுவைப் பற்றி எழுதுவதா என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே உண்டு. அதில் நியாயமும் உண்டு. தோட்டப் பாதைகளின் முடக்குகளிலே திறந்து கிடக்கும் மதுக்கடைகள் எத்தனை லயங்களின் அடுப்பை அணைத்திருக்கின்றன என்பதை அறியாதவன் மலையகத்தில் அரசியல் பேசத் தகுதியற்றவன். குடியைப் பரிந்து ஒரு சொல்லும் நான் எழுத வரவில்லை. குடிப்பவனை விட்டுவிட்டுப் பயிரிடுபவனைப் பார்ப்போம் என்பதே என் வேண்டுகோள். தொலகட்டி ஆசிரமத்துத் துறவிகள் திராட்சை ரசம் வடித்து விற்பதை யாழ்ப்பாணத்தார் அறிவர். பனையேறும் தொழிலாளர் 1970களின் தொடக்கத்தில் தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து விலகிக் கூட்டுறவுச் சங்கங்களாக அமைந்ததையும் அறிவர். கள்ளை வெறுப்பவரும் மரமேறுபவனின் உழைப்புப் பயன் அவனுக்கே சேரவேண்டும் என்பதை மறுத்ததில்லை. அதே நீதியோடு இதனையும் படிக்கலாம்.

மோசல் பள்ளத்தாக்கு வட அகலக்கோடு ஐம்பதை ஒட்டிக் கிடக்கிறது. திராட்சை முதிர்வதற்குப் போதிய வெயில் அங்கே அரிது. ஆகவே வெயிலை நேராக ஏற்கும் செங்குத்தான சரிவுகளைத் தேர்ந்து கொடி நட்டார்கள். பகலில் வெப்பத்தை வாங்கி இரவில் வெளிவிடும் கரிய பலகைக்கற் சில்லுகளே அச்சரிவுகளின் மண். பிரெம் என்ற ஊரின் மேலுள்ள கால்மொண்ட் சரிவு சில இடங்களில் அறுபது பாகைக்கும் மேற்பட்ட சாய்வுடையது. அங்கே உழவு இயந்திரம் ஏறாது, மனிதனே ஏறவேண்டும். மழை அடித்துச் சென்ற மண்ணையும் கல்லையும் முதுகிலே சுமந்து மீண்டும் உச்சிக்குக் கொண்டு சென்ற தலைமுறைகள் அங்கே வாழ்ந்தன. அவர்கள் முதுகில் தொங்கிய கூடை நம் கொழுந்துக் கூடைக்கு உடன்பிறப்பு.

அக்குடும்பங்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சார் பள்ளத்தாக்கில் வில்டிங்கன் என்ற ஊரருகே ஷார்ட்ஸ்ஹோப் என்ற பண்ணை இருக்கிறது. அதனை ஒட்டியுள்ள ஷார்ட்ஸ்ஹோப்பெர்க் என்ற குன்றின் திராட்சை நிலம் ஏறத்தாழ 28 ஹெக்டேயர். அதில் 8 ஹெக்டேயரளவே இப்பண்ணைக்கு உரியது. பண்ணையை நடத்தும் முல்லர் குடும்பத்தார் தலைமுறைதோறும் எகோன் என்ற பெயரையே மகனுக்கு இட்டு, ‘எகோன் முல்லர்’ என்ற பெயரையே புட்டியிலும் பொறித்து வருகின்றனர். அவர்கள் முதன்மையாக வளர்ப்பது றீஸ்லிங் என்ற இனத் திராட்சை. அதிலிருந்து அவர்கள் செய்யும் அரிய வகைகள் உலகின் மிக விலையுயர்ந்த வெள்ளை மதுக்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. எட்டு ஹெக்டேயர் என்றால் இருபது ஏக்கர். நம் நாட்டுப் பெருந்தோட்டம் ஒன்றின் ஒரு மூலை என்க. அந்த மூலையிலிருந்து அத்தகைய மதிப்பு எவ்வாறு பிறந்தது?

செய்முறையில் மந்திரம் எதுவும் இல்லை. சிவப்பு மது செய்வோர் பழத்தைத் தோலோடு நொதிக்க விடுவர். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து இறங்கும். வெள்ளை மது செய்வோரோ பழம் வந்தவுடன் அதை மெல்லப் பிழிந்து, தோலையும் விதையையும் நீக்கிச் சாற்றைத் தெளியவிட்டு, சாற்றை மட்டுமே நொதிக்க வைப்பர். குறையை மூடி மறைப்பதற்குத் தோலின் துவர்ப்பு அங்கே இல்லை. பழுதுற்ற பழம் கலந்தாலும், பிழிவதில் தாமதம் நேர்ந்தாலும், நிலவறையில் சூடு ஏறினாலும் முதல் மிடறிலேயே குற்றம் வெளிப்பட்டுவிடும்.

ஆகையால் அறுவடை ஒரே மூச்சில் முடிவதில்லை. ஒக்ரோபரிலும் நவம்பரிலும் பறிப்போர் அதே கொடிவரிசைக்கு மீண்டும் மீண்டும் செல்வர். முதிர்ந்த குலை ஒரு கூடையில். மிக முதிர்ந்தது வேறு கூடையில். ஒருவகைப் பூஞ்சணம் பற்றிச் சுருங்கித் தேன்போல் இனித்த மணிகள் இன்னொரு கலத்தில். ஒவ்வொன்றும் வெவ்வேறு மதுவாகும். வெவ்வேறு விலை பெறும். கடையில் வாங்கிய நொதியை இடாமல், பழத்திலும் நிலவறையிலும் இயல்பாக உள்ள நொதியையே வேலை செய்ய விடுவர். ஏறத்தாழ ஆயிரம் லீற்றர் கொள்ளும் பழைய ஓக் மரப் பீப்பாய்களிலும் உருக்குத் தொட்டிகளிலும், குளிர்ந்த நிலவறையில், அது ஆறுதலாக நொதிக்கும். சர்க்கரை முழுவதும் மாறுமுன் நொதிப்பு நின்றால் சிறிது இனிப்பு எஞ்சும். றீஸ்லிங்கின் இயற்கைப் புளிப்பு அந்த இனிப்பைத் தாங்கும். இத்தகைய மது சிலவற்றில் மதுச்சத்து நூற்றுக்கு எட்டளவிலேயே நிற்கும். உயர்தர வகைகளுக்கு வெளியிலிருந்து சர்க்கரை சேர்ப்பதை ஜெர்மன் நாட்டுச் சட்டம் அடியோடு தடுக்கிறது.

இவ்வளவுக்கும் அடியில் உள்ள கொள்கை ஒன்றே. மலையில் உண்டான தரத்தை நிலவறையில் கூட்ட முடியாது. கெடாமல் காக்கவே முடியும். எனவே செலவும் கவனமும் மலைக்கே முதலில் செல்ல வேண்டும்.

இங்கே வாசகர் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இன்னும் பத்து நாள் காத்திருந்தால் பழம் மேலும் முதிரும். மழை வந்தால் உள்ளதும் போகும். காத்திருப்பதா, பறிப்பதா? கொடியில் காய்களைக் குறைத்து எஞ்சியவற்றை வளம் பெற வைப்பதா, எல்லாவற்றையும் விட்டு நிறையைப் பெருக்குவதா? பேரன் காலத்தில் பயன்தரும் முதிய கொடியைக் காப்பதா, இன்றே பிடுங்கிப் புதிதாக நடுவதா? இவ்வினாக்களுக்கு விடை சொல்லக்கூடியவன் நிலத்துக்கு உரியவனே. காத்திருந்து கெட்டால் நட்டம் அவனது. காத்திருந்து வென்றால் விலையும் அவனது. தரம் என்பது உரிமையின் பிள்ளை.

நம் மலையிலே நிலைமை யாது? எந்தத் துளிர் நல்லது, எந்த இலை முற்றியது என்பதைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல் எந்தத் துரையினும் நன்கறியும். ஆனால், அவளிடம் நிறை கேட்கப்படுகிறதேயன்றி அறிவு கேட்கப்படுவதில்லை. நிறைக்குப் பேர் போட்டுவிட்டுத் தரம் குறைந்தது என்று அவளையே கடிந்துகொள்வது எந்த நியாயத்தில் சேரும்?

வெள்ளை மதுவுக்கு ஒப்பான ஒன்று நம்மிடமும் உண்டு. அதுவே வெள்ளைத் தேயிலை. விரியாத வெள்ளித் துளிரைக் கையால் கிள்ளி, உருட்டாமல், கசக்காமல், வாட்டி உலர்த்தினால் அது ஆயிற்று. கருந்தேயிலைக்கு உருட்டும் இயந்திரமும், புளிக்க வைக்கும் மேசையும், சூட்டடுப்பும், சலித்துத் தரம் பிரிக்கும் இயந்திரமும் வேண்டும். வெள்ளைத் தேயிலைக்கு முதன்மையாக வேண்டுவன கண்ணும் விரலும் பொறுமையுமே. அதன் விலையோ சாதாரணத் தேயிலையின் விலையிலும் பன்மடங்கு. எந்த விரல் அந்த விலையை உண்டாக்கிற்றோ அந்த விரலுக்குரியவளின் கணக்கில் ஏறுவது நாட்கூலி. துளிர் அவள் கையைவிட்டுத் தராசில் விழுந்த கணத்திலேயே அதன்மேல் அவளுக்கிருந்த உறவு அறுந்துவிடுகிறது.

மோசல் உழவர் பிறக்கும்போதே இந்த வரத்தோடு பிறந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அந்நாட்டின் நல்ல சரிவுகள் நூற்றாண்டுக் கணக்காக மடங்களுக்கும் பிரபுக்களுக்கும் உரியனவாயிருந்தன. ஷார்ட்ஸ்ஹோப்பும் திரியர் நகரத்து மடம் ஒன்றின் சொத்தாகவே இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் படைகள் அந்நிலப்பகுதியைக் கைப்பற்றிய பின் மடங்களின் நிலங்கள் அரசுடைமையாகி விற்கப்பட்டன. இன்றைய உரிமையாளரின் முன்னோர் 1797 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குடியரசிடமிருந்தே அப்பண்ணையை வாங்கினார்கள். உலகம் போற்றும் குடும்பப் பண்ணையின் முதற்பத்திரம் ஒரு நிலச்சீர்திருத்தத்தின் பத்திரம் என்பதை நம் அரசியல்வாதிகள் குறித்துக்கொள்வார்களாக.

நிலம் கைக்கு வந்ததோடு துன்பம் தீர்ந்துவிடவும் இல்லை. 1834இல் ஜெர்மன் சுங்க ஒன்றியம் அமைந்ததும் பிற பகுதிகளின் மலிவான மது வந்து குவிந்தது. மோசலின் சிறு உழவர் கடனில் மூழ்கினர். திரியர் நகரிலே பிறந்த கார்ல் மார்க்ஸ், கொலோன் நகரப் பத்திரிகையின் ஆசிரியராயிருந்தபோது, 1843 ஜனவரியில் அவ்வுழவரின் துயரத்தைப் பற்றி எழுதினார். பஞ்சத்துக்குக் காரணம் இயற்கை என்றும், உழவரின் சொந்தக் குறை என்றும் அதிகாரிகள் சொல்லி வந்ததை அவர் ஆதாரங்களோடு மறுத்தார். அவ்வாண்டு வசந்தத்துக்குள் அந்தப் பத்திரிகை அரசாங்கத்தால் மூடப்பட்டது. 1926 பெப்ரவரி 25இல் வரிச்சுமை தாளாத திராட்சை உழவர் பேர்ன்காஸ்டல் நகரில் திரண்டு வரி அலுவலகத்துள் புகுந்து கோப்புகளைத் தெருவிலே எரித்தனர். அதன் பின்னரே மதுவரி நீக்கப்பட்டது. எரிப்பதை நான் வழிமொழியவில்லை. சட்டம் படித்தவன் அவ்வாறு செய்யலாகாது. ஆயின், அமைதியான முறையீடுகளுக்குக் காது கொடாத அரசு எதை அறுவடை செய்யும் என்பதற்கு அது சான்று.

தனித்து நின்று தாங்க முடியாதவர்கள் கூடி நிற்கக் கற்றுக்கொண்டார்கள். மோசலுக்கு வடக்கே ஆர் ஆற்றங்கரையில் மைஷோஸ் என்ற ஊரின் திராட்சை உழவர் 1868இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பொது நிலவறையில் மது செய்யத் தொடங்கினர். அந்த வட்டாரத்திலேயே ராய்பைசன் என்ற ஊர்த்தலைவர் உழவருக்கான கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கண்டார். சென்னை மாகாண அரசு அனுப்பிய பிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி ஐரோப்பாவில் இவற்றை ஆராய்ந்து 1895இலும் 1897இலும் அறிக்கை தந்தார். அதன் வழியே இந்தியாவில் 1904 ஆம் ஆண்டின் சட்டமும், அடுத்து இலங்கையில் 1911 ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கட்டளைச் சட்டமும் பிறந்தன. யாழ்ப்பாணத்து உழவன் இன்று உறுப்பினனாயிருக்கும் சங்கத்தின் வேரைத் தேடிச் சென்றால் ஜெர்மனியின் வறிய ஊர்களில் போய் நிற்போம். வடக்கிலே வேரூன்றிய அந்த இயக்கம் மலையகத்துக் கொழுந்துக் கூடையை மட்டும் ஏன் தொடவில்லை?

விடை எளிது. கூட்டுறவுக்குக் கொண்டுவர அங்கே எவனுக்கும் எதுவும் சொந்தமில்லை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பெருமளவில் பயிரிடத் தொடங்கிய நாள்முதல் நிலம் முதலாளிக்கும் உழைப்பு கூலிக்கும் என்றே வகுக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபரில் கைச்சாத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேயே வந்தது. நாடில்லாதவனுக்குக் காணி ஏது?

இடையிலே காணி பங்கிடப்பட்ட காலம் ஒன்றும் வந்தது. 1972இலும் 1975இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஷார்ட்ஸ்ஹோப்பின் வரலாற்றில் அத்தகைய கட்டத்தில்தான் ஒரு குடும்பம் உறுதி பெற்றது. மலையகத்தில் அதே கட்டத்தில் தொழிலாளிக்கு ஒரு பிடி மண்ணும் வரவில்லை. பல தோட்டங்களில் அவன் வெளியேற்றப்பட்டான். நுவரெலியா மாவட்டத் தோட்டக் காணிகள் ஏழாயிரம் ஏக்கரைச் சுவீகரிக்கும் முயற்சியை எதிர்த்த போராட்டத்தில், 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தான். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. நீண்டகாலக் குத்தகைகள் எழுதப்பட்டன. அந்தப் பத்திரங்களிலும் தொழிலாளி தரப்பினன் அல்லன்.

தொழிலாளிக்கு நாட்கூலி, முதலாளிக்கு விளைவு என்பது இயற்கை நியதி என்று கூறுவோர் நம் நாட்டுச் சட்டத்தையே படிக்காதவர். இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ முக்காற்பங்கை இன்று விளைவிப்போர் சிற்றுடைமையாளர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தெற்கிலும் சப்ரகமுவையிலும் உள்ளவர். அவர்களுக்காக 1975 ஆம் ஆண்டின் சட்டத்தால் ஓர் அதிகாரசபையே அமைக்கப்பட்டது. அவர்கள் கொழுந்தை வாங்கும் தொழிற்சாலை, விற்ற தேயிலையின் தேறிய சராசரி விலையில் 68 பங்கைக் கொழுந்து கொடுத்தவருக்கும் 32 பங்கைத் தனக்கும் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விகிதம் வகுக்கப்பட்டது. கொழுந்துக்குரியவனுக்குத் தேயிலையின் விலையிலும் பங்குண்டு என்ற நீதியை அரசே ஏற்றுக்கொண்டதாக இதற்குப் பொருள். பசளைக்கும் பறிகூலிக்கும் அவர்கள் அந்த 68இலிருந்தே செலவிடுகிறார்கள் என்பது உண்மை. எனினும் ஏலத்தில் விலை ஏறினால் அவர்கள் வருவாயும் ஏறும். தோட்டத் தொழிலாளிக்கோ 2021இல் ஆயிரம் ரூபா, 2024இல் ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபா என்று நாட்கூலியை உயர்த்துவதற்கே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. ஒரே மலைநாடு, ஒரே கொழுந்து. ஆனால் நீதி இரண்டு.

மறுப்புகளையும் பார்ப்போம். சிறு துண்டுகளாகப் பிரித்தால் தேயிலைத் தொழில் அழியும் என்பது முதல் மறுப்பு. முக்காற்பங்குத் தேயிலையைச் சிறு துண்டுகள் விளைவிக்கும் நாட்டில் இவ்வாதத்துக்கு விடை சொல்லவும் வேண்டுமா?

தொழிற்சாலைக்கு முதல் எங்கே என்பது இரண்டாவது. இது மெய்யான மறுப்பு. நிலம் இருந்தும் தொழிற்சாலை பிறர் கையிலிருந்தால் கொழுந்து வாடுமுன் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டும். இதனை உணர்ந்தே நீலகிரியில் 1960களில் சிறு தேயிலை உழவருக்கான கூட்டுறவுத் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றின் இணையமான இன்கோசர்வ் 1965இல் தோன்றி, இன்று பதினைந்துக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளைத் தழுவி நிற்கிறது. ஆயினும் 2023இல் அதே நீலகிரி உழவர் பசுந்தேயிலைக்கு நியாயவிலை கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். நிலமும் தொழிற்சாலையும் மட்டும் போதா. சந்தையில் ஒரு பெயரும் வேண்டும் என்பதே அதன் பாடம். அதே மலையில் இலங்கையிலிருந்து திரும்பிய நம்மவருக்காக 1968 முதல் தமிழ்நாட்டரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்ததையும் நினைவுகூர்வோம். அங்கும் அவர்கள் நாட்கூலிகளாகவே அமர்ந்தார்கள். நாட்டை மாற்றிய அரசுகள் நிலையை மாற்றவில்லை.

மோசல் குடும்பங்களே தேய்ந்து வருகின்றனவே என்பது மூன்றாவது. இதையும் மறைக்க வேண்டியதில்லை. 1990 அளவில் அப்பகுதியின் திராட்சை நிலம் பன்னீராயிரம் ஹெக்டேயருக்கு மேலிருந்தது. இன்று ஒன்பதாயிரத்துக்கும் குறைவு. செங்குத்துச் சரிவுகளில் உழைக்க ஆளில்லை. அறுவடைக்குப் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் கூலியாட்கள் வருகிறார்கள். புட்டியின் மேலே முல்லர் பெயர் இருக்கிறது. பழம் பறித்த போலந்துக்காரனின் பெயர் அங்கும் இல்லை. ஆகவே குடும்ப உடைமை என்ற சொல்லைக் கேட்டதும் மயங்கிவிடக் கூடாது. உரிமை பெற்ற குடும்பம் நாளை மற்றொருவனுக்குத் துரையாகிவிடலாம். அங்கே 2015இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம், சில இடைக்கால விலக்குகளுக்குப் பின், பருவக் கூலியாளரையும் காத்து நிற்கிறது. நாமும் நில உரிமை கேட்கும் அதே மூச்சில், நிலமற்றவனின் கூலிச் சட்டத்தையும் இறுகப் பற்றி நிற்க வேண்டும்.

இப்போது சில கம்பனிகள் தொழிலாளருக்குத் தேயிலைத் துண்டுகளைப் பராமரிக்கக் கொடுத்து, வருவாயில் பங்கு தருவதாகச் சொல்கின்றன. வரவேற்குமுன் பத்திரத்தைப் படியுங்கள். காணிக்கு உறுதி உண்டா, அல்லது நினைத்தபோது மீட்கத்தக்க அனுமதி மட்டுமா? கொழுந்தை வேறு தொழிற்சாலைக்கு விற்கலாமா? தாய் இறந்தால் மகளுக்கு அத்துண்டு சேருமா? சேவைக்காலக் கொடுப்பனவும் சேமலாப நிதியும் தொடருமா? இவற்றுக்கு ‘இல்லை’ என்பது விடையானால், அது வாரக்குடிமுறைக்குப் புதுச்சட்டை மாட்டியதேயாகும். உரிமையில்லாமல் நட்டத்தை மட்டும் பங்கிட்டுக்கொள்ள எவனும் கடமைப்பட்டவனல்லன்.

எனவே கோரவேண்டியன யாவை? முதலாவது, காணி. தோட்ட நிலத்தின் உடைமையாளன் அரசு, கம்பனி குத்தகைக்காரன். குத்தகை நிபந்தனைகள் மீள ஆராயப்படும் ஒவ்வொரு வேளையிலும், பயிரிடாது கிடக்கும் காணியிலிருந்து தொடங்கி, தொழிலாளர் குடும்பங்களுக்குத் தேயிலைக் காணி உறுதியோடு வழங்கப்பட வேண்டும். கொழுந்து பறிப்பவள் பெண்ணாதலால் அவள் பெயர் உறுதியில் இருந்தே ஆக வேண்டும். வீட்டுக்கென வழங்கும் சிறு துண்டு வேறு. பிழைப்புக்கான காணி வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பதற்கு இடங்கொடுக்கலாகாது.

இரண்டாவது, தொழிற்சாலை. அக்காணிகளின் கொழுந்து கூட்டுறவுத் தொழிற்சாலையில் பக்குவமாக வேண்டும். தொடக்கத்தில் பெருமுதல் வேண்டாத வெள்ளைத் தேயிலை, கையால் உருட்டும் தேயிலை ஆகியவற்றை ஒரு சில சங்கங்கள் செய்து பார்க்கலாம். ஒரு செடியில் கிள்ளத்தக்க வெள்ளித் துளிர் மிகச் சிறிதே, வாங்குவோரும் சிலரே. ஆகவே அது முழு வாழ்வாகாது. ஆனால், பக்குவம் செய்யும் கல்வியை அது தரும்.

மூன்றாவது, பெயர். மது எந்தப் பண்ணையின் திராட்சையில், எந்தப் பண்ணையிலேயே செய்து புட்டியிடப்பட்டது என்பதைச் சீட்டில் சொல்வதற்கு ஜெர்மன் சட்டம் தனிச்சொல் வகுத்துள்ளது. பிறர் பழத்தை வாங்கிச் செய்தவன் அச்சொல்லை இடமுடியாது. தரமான ஒவ்வொரு மதுவுக்கும் அரச பரிசோதனை எண்ணும் உண்டு. நம் நாட்டிலும் வழி இல்லாமலில்லை. சிங்க இலச்சினை முழுவதும் இலங்கைத் தேயிலைக்கே உரியது. இலங்கைக் கறுவா 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பைப் பெற்றது. நாட்டுக்கும் பயிருக்கும் கிடைக்கும் பெயர், பயிரிட்டவனுக்கும் கிடைக்க வேண்டும். ஹட்டன் தொழிலாளர் கூட்டுறவு செய்த தேயிலை இது என்று ஒரு பொதியிலாவது எழுதத் தொடங்குவோம்.

வடக்கிலும் கிழக்கிலும் உள்ள உழவர்களும், கொழும்பிலே தொழில் புரியும் கற்றோரும் இதனை மலையகத்தார் விவகாரம் என்று தள்ளிவிடலாகாது. கூட்டுறவை நடத்தி அறிந்தவர்கள் கணக்கெழுதக் கற்பிக்கலாம். சட்டம் அறிந்தவர்கள் குத்தகைப் பத்திரங்களையும் பங்கீட்டு ஒப்பந்தங்களையும் தொழிலாளருக்குத் தமிழில் படித்துக் காட்டலாம். வாணிபம் அறிந்தவர்கள் வாங்குவோரைத் தேடித் தரலாம். இதுவரை மலையகத்துக்கு அனுதாபத்தைத் தாராளமாக வழங்கிவிட்டோம். இனி வழங்கவேண்டியது தேர்ச்சி.

மலையகத் தமிழர் இம்மண்ணில் கால்வைத்து இருநூறு ஆண்டு நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். அந்த இருநூறு ஆண்டும் அவர்களுக்குப் பிறர் பேர் போட்டார்கள். முழுப் பேரா அரைப் பேரா என்பதைப் பிறர் தீர்மானித்தார்கள். தன் காணியில், தன் துளிரை, தன் சங்கத்தில் பக்குவம் செய்து, அதன்மேல் தன் பெயரைத் தானே எழுதும் நாள் வருமானால், அன்று பிரட்டுக்களத்துப் பதிவேட்டை மூடிவிடலாம். அந்த நாளுக்கான முதல் வேலை, காணி உறுதியில் அவள் பெயரை எழுதுவிப்பது. அதிலிருந்தே தொடங்குவோம்.